கிளிஞ்சல் அபராதம்

வெள்ளிக்கிழமை காலை
கீலுக்கு இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால்தான்
நூலகம் திறக்கும்.
நூலகம் என்பது ஓர் இரும்பு பீரோ,
எண்பத்து மூன்று புத்தகங்கள்,
ஒரு கோரைப்பாய், நான்.

தங்கச்சிமடத்துக் காற்றில்
பிள்ளைகளைவிடப் புத்தகங்களுக்குச்
சீக்கிரம் வயதாகிறது.
நடுப்பக்கத்துப் பின் உப்பேறித் துருவாய்க் கசியும்.
யானைக்கு வயிற்றில் அடி என்று
எல்.கே.ஜி. முழுக்க நம்பியது.
"மருந்து போடணும் டீச்சர்" என்றான் ரொவின்.
அப்படி ஆரம்பித்ததுதான்
புதன்கிழமைப் புத்தக ஆஸ்பத்திரி.
டாக்டர்கள் நான்கு பேர்,
செலோடேப் ஒன்று, முனை மழுங்கிய கத்தரி ஒன்று.
அறுவை சிகிச்சை எல்லாம் வெற்றிதான்.
முயல் மட்டும்
இன்றுவரை திறக்கவில்லை.

கதை நேரத்தில் வாசிப்பது நான்,
பக்கம் புரட்டுவது கச்சான்.
அதற்குப் பொறுமை போதாது.
பூனை கிணற்றில் விழுமுன்பே
கரையேறித் தலை துவட்டிக்கொண்டிருக்கும்.
"எப்ப விழுந்துச்சு?" என்பவர்களுக்கு
சஃப்ரீனாதான் பதில் சொல்வாள்:
"அது நேத்தே விழுந்துருச்சுடா."
சிரிக்கும் சிவப்பு மீனைக் காட்டினால்
ஒருவரும் சிரிப்பதில்லை.
"சங்கரா மாதிரி போட்டுருக்காங்க,
வால் சரியில்ல, வெல போகாது."

பிறகு முத்திரை.
ஊதா மை, சுழலும் தேதி.
அட்டையின் உட்புறம் ஒன்று,
நீட்டிய மணிக்கட்டில் ஒன்று.
அது இல்லாமல் யாரும் நகர மாட்டார்கள்.
அடுத்த வெள்ளிக்குள்
திருப்பித் தர வேண்டியவர்களாக
முப்பத்தொரு பேர் வீட்டுக்குப் போவார்கள்.

தாமதமானால் அபராதம்:
நாளுக்கு ஒரு கிளிஞ்சல்.
விளையாட்டாய் வைத்த சட்டம்.
கொடுக்கும் ஆசையில்
வேண்டுமென்றே தாமதிக்கிறவர்கள் உண்டு.
ரொவின் ஒருமுறை முன்பணமே கட்டினான்.
எல்லாம் ஹார்லிக்ஸ் புட்டிக்குள் போகும்.
திங்கள்கிழமை அதைப் பாயில் கொட்டி
யு.கே.ஜி. எண்ணிப் பழகும்.
பதினாறுக்குப் பிறகு பதினெட்டு வரும்.
சில நாள் ஒன்று எழுந்து நடக்கும்.

ரொசித்தா எடுத்துப் போனது
திமிங்கிலம் குளிக்கப் போன கதை.
ஐந்து வெள்ளியாகியும் வரவில்லை.
வீட்டில் தேடச் சொன்னேன்.
"வீட்ல இல்ல."
எங்கே?
"அப்பா பையில வச்சேன்.
சாப்பாட்டு வாளிக்கு அடியில."
தெரியாமலா?
தெரிந்துதான் என்று தலையாட்டினாள்.
"முத்திரை குத்துனதத்
திருப்பிக் கொண்டாரணும்ல."

அந்தச் சனிக்கிழமை
டோக்கன் வாங்கிப் போன படகு
அக்கரையில் கட்டிக்கிடக்கிறது.
ஆட்கள் உள்ளே.
வலை இத்தனை, ஐஸ் பெட்டி இத்தனை என்று
அவர்கள் எழுதிய பட்டியலில்
குளிக்கப் போன திமிங்கிலத்தை
என்னவென்று எழுதினார்களோ.

கணக்குப் பார்க்க வந்தவர்
'காணவில்லை' கட்டத்தில் விரல் வைத்தார்.
'வாசிப்பில்' என்று சொன்னேன்.
அப்படியொரு கட்டம் இல்லையே என்றார்.
ஸ்கேல் வைத்து ஒன்று போட்டேன்.

திருப்பித் தராதவர்க்கு வேறு புத்தகம் கிடையாது.
அந்தச் சட்டமும் நான் வைத்ததுதான்.
தளர்த்தப் பார்த்தேன், அவள் விடவில்லை.
ஆகவே வெள்ளிதோறும்
முத்திரை குத்துவது ரொசித்தா.
தேதியைத் தானே திருகி,
நாக்கைக் கடித்துக்கொண்டு
இரண்டு கையாலும் அழுத்துவாள்.
முப்பது மணிக்கட்டு.
தன்னுடையதில் குத்துவதில்லை.

காலையில் வந்ததும் முதல் வேலை
யூனிஃபார்ம் பையிலிருந்து ஒரு கிளிஞ்சல்.
சனி ஞாயிறுக்கும் சேர்த்துத்
திங்களன்று மூன்று.
ஒருநாளும் விட்டதில்லை.
அவள் எண்ணினால் பதினேழும் வரும்.

புட்டி கழுத்துவரை வந்துவிட்டது.
நேற்று இன்னொன்றைக் கழுவி
சுவரோரம் வெயிலில் கவிழ்த்தேன்.
இந்த ஊர்க் காற்றில்
எதுவும் சட்டென்று காய்வதில்லை.